எம்.பி. தேர்தல் முடிவை எதிர்த்து வழக்கு: 45 நாள் கெடுவும் 17சி படிவமும்

கேள்வி: நாங்கள் காசிமேட்டில் இருக்கிறோம். 2024 எம்.பி. தேர்தலில் ஒரு சுயேச்சைக்கு எங்கள் தெருப் பையன்கள்தான் பூத் ஏஜென்ட். என் அம்மா ஓட்டுப் போடப் போனபோது, அவர் பெயரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெருவில் ஆறு பேருக்குப் பட்டியலில் பெயரே இல்லை. இதற்கு இப்போது கேஸ் போட முடியுமா? ஒருவர் கலெக்டரிடம் மனு கொடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் நேராக சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போடு என்கிறார். அடுத்த தேர்தலிலும் ஆள் நிறுத்தப் போகிறோம். முடிவில் சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும், என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

பதில்: முதலில் கசப்பான பதில். 2024 தேர்தலுக்கு இனி வழக்கு கிடையாது. முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் தேர்தல் மனு, அதாவது தேர்தல் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் மனு, தாக்கல் செய்ய வேண்டும். ஜூன் 4 அன்று முடிவு வந்தது. மறுநாளிலிருந்து எண்ணினால் ஜூலை 19 கடைசி நாள். மற்ற வழக்குகளில் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். தேர்தல் மனுவில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. காலவரையறைச் சட்டத்தின் மன்னிப்பு இதற்குப் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட் 1969லேயே சொல்லிவிட்டது. உடம்பு சரியில்லை, வக்கீல் ஊரில் இல்லை, ஆவணம் கிடைக்கவில்லை என்று எதைச் சொன்னாலும் 46-வது நாள் 46-வது நாள்தான்.

கலெக்டரோ தேர்தல் ஆணையமோ அறிவித்த முடிவை மாற்ற முடியாது. பொதுநல வழக்கும் ரிட் மனுவும் (அதிகாரிகளின் செயலை எதிர்த்து நேராக ஹைகோர்ட்டிலோ சுப்ரீம் கோர்ட்டிலோ போடும் மனு) நிற்காது. தேர்தலைத் தேர்தல் மனு மூலமாக மட்டுமே எதிர்க்கலாம் என்று அரசியல் சாசனத்தின் 329(பி) பிரிவு கதவை அடைத்துவிட்டது. இந்தச் சட்டத்துக்கு அடிப்படைத் தீர்ப்பே நம் ஊர் வழக்குதான். நாமக்கல் தொகுதியில் தன் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்ததை எதிர்த்து பொன்னுசாமி என்பவர் போட்ட ரிட்டை 1952ல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை. தேர்தல் முடியட்டும், அப்புறம் தேர்தல் மனு போடு என்றது. அந்த மனுவை விசாரிப்பது ஹைகோர்ட். உங்களுக்கு அது பாரிமுனையில் இருக்கிறது. ஒற்றை நீதிபதி விசாரிப்பார். அவர் தீர்ப்பின் மேல் 30 நாளுக்குள் சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் உண்டு.

பட்டியலில் பெயர் விட்டுப்போன ஆறு பேர் விஷயம் மனதுக்குக் கஷ்டமானது, ஆனால் அது தேர்தல் மனுவுக்கான காரணமாகாது. பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும் என்ற சண்டையை வாக்காளர் பதிவு அலுவலரிடம், அவருக்கு மேல் அப்பீல் அதிகாரியிடம், வேட்புமனுக் கடைசி நாளுக்கு முன்பே முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கு அந்தப் பட்டியல்தான் இறுதி. ஆகவே வரைவுப் பட்டியல் வரும்போதே தெருத்தெருவாக வாசித்துப் பாருங்கள்.

உங்கள் அம்மாவைத் திருப்பி அனுப்பியது தவறு. அவர் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டிருந்தாலும், அவர்தான் அவர் என்று அடையாளம் காட்டினால் தேர்தல் நடத்தும் விதிகளின் 49-பி (49P) விதிப்படி அவருக்கு ஒரு காகித வாக்குச்சீட்டு கொடுக்க வேண்டும். அதை டெண்டர் ஓட்டு என்பார்கள். 17பி படிவத்தில் கையெழுத்து வாங்கி, சீட்டைத் தனி உறையில் போட்டு சீல் வைப்பார்கள். எண்ணிக்கை நாளில் அந்த உறையைத் திறக்க மாட்டார்கள். பிறகு ஏன் போட வேண்டும் என்று கேட்பீர்கள். பின்னால் கள்ள ஓட்டுப் புகார் கோர்ட்டுக்குப் போனால், அந்த உறையும் 17பி பட்டியலும்தான் சாட்சி. அம்மா சும்மா வீடு திரும்பியதால் அவர் ஓட்டு போனதோடு, அது போனதற்கான அத்தாட்சியும் போய்விட்டது. அதேபோல ஒருவர் வேறொருவர் பெயரில் ஓட்டுப் போட வந்திருப்பது ஏஜென்ட்டுக்குத் தெரிந்தால் அங்கேயே சேலஞ்ச் செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இரண்டு ரூபாய். அந்த இரண்டு ரூபாயைக் கட்டி ரசீது வாங்கியவர் பின்னால் கோர்ட்டில் நிமிர்ந்து நிற்பார். கட்டாதவரிடம், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.

இனி அடுத்த தேர்தல். ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: 45 நாளில் ஆதாரம் தேட நேரம் இருக்காது, இருப்பதை எழுதத்தான் நேரம் இருக்கும். ஆதாரம் வாக்குப்பதிவு நாள் மாலையிலும் எண்ணிக்கை மேஜையிலும் உருவாக வேண்டும். அதில் முதலாவது 17சி.

ஓட்டுப்பதிவு மாலை 6 மணிக்கு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் கன்ட்ரோல் யூனிட்டில் ‘க்ளோஸ்’ பட்டனை அழுத்தி, மொத்தம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று பார்த்து 17சி படிவத்தின் முதல் பகுதியை நிரப்புவார். கன்ட்ரோல் யூனிட் (ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் பகுதி), பேலட் யூனிட் (வாக்காளர் பட்டனை அழுத்தும் பகுதி), விவிபாட் (ஓட்டைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் இயந்திரம்) ஆகியவற்றின் வரிசை எண்கள், 17ஏ வாக்காளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டளிக்க மறுத்தவர்கள் எத்தனை பேர், இயந்திரம் காட்டும் மொத்தம், எத்தனை டெண்டர் ஓட்டு, காகித சீல்களின் எண்கள் எல்லாம் அந்த ஒரே தாளில் வந்துவிடும். அதன் நகலை அங்கிருக்கும் ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். ஆனால் நடப்பது என்ன? மாலை ஐந்து மணிக்கே பாதி ஏஜென்ட்டுகள் களைத்துப் போய்க் கிளம்பிவிடுகிறார்கள். சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவனைக் குறை சொல்ல முடியாது. அதனால் மூன்று மணிக்கு மாற்று ஆளை அனுப்புங்கள். 17சி நகல் கைக்கு வராமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். வாங்கியதும் செல்போனில் படம் எடுத்து ஒரே இடத்தில் சேருங்கள், தாளையும் பத்திரப்படுத்துங்கள். வடசென்னையில் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என ஆறு சட்டமன்றப் பகுதிகள் உண்டு. ராயபுரத்தை மட்டும் கவனித்துவிட்டுக் கொளத்தூரை விட்டால் பாதிக் கணக்கு கையில் இருக்காது.

எண்ணிக்கை அன்று ஒவ்வொரு மேஜையிலும் உங்கள் ஆள் அந்த பூத்தின் 17சியோடு உட்கார வேண்டும். இயந்திர எண், சீல் எண் பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு ‘டோட்டல்’ பட்டன். 17சியில் 612 என்று இருக்க, இயந்திரம் 662 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மோசடி என்று கூச்சல் போடாதீர்கள். வித்தியாசம் சரியாக 50 என்பதைக் கவனியுங்கள். காலையில் ஓட்டுப்பதிவு தொடங்குமுன் மாதிரி ஓட்டுப்பதிவு நடத்துவார்கள், குறைந்தது 50 ஓட்டு. அதை அழிக்க மறந்துவிட்டால் அந்த 50-ம் உள்ளேயே தங்கிவிடும். இப்படிப்பட்ட இயந்திரத்தைத் தனியே ஒதுக்கி வைத்து, வெற்றி வித்தியாசம் அந்த பூத்தின் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால் விவிபாட் சீட்டுகளை எண்ணுவது ஆணையத்தின் நடைமுறை. ஆகவே ஒதுக்கி வைத்தார்களா, அதை எழுத்தில் பதிந்தார்களா என்று பாருங்கள். வித்தியாசம் 50 இல்லாமல் 37 என்றால் அது வேறு கதை. ரவுண்டு எண், மேஜை எண், பூத் எண், இயந்திர எண், இரண்டு எண்ணிக்கை, நேரம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதி, தேர்தல் நடத்தும் அலுவலரிடம் மனு கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

மறு எண்ணிக்கை கேட்பதற்கும் ஒரு கணம்தான் உண்டு. எல்லா ரவுண்டும் முடிந்து மொத்த ஓட்டுகளை அறிவித்த பிறகு, இறுதி முடிவுத் தாளான படிவம் 20-ல் அலுவலர் கையெழுத்துப் போடுவதற்கு முன், 63-வது விதிப்படி வேட்பாளரோ, அவர் இல்லாதபோது அவருடைய தேர்தல் ஏஜென்ட்டோ எண்ணிக்கை ஏஜென்ட்டோ எழுத்தில் கேட்க வேண்டும். எந்த பூத், என்ன காரணம் என்று சொல்ல வேண்டும். அலுவலர் ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு எழுத்தில் உத்தரவு போட வேண்டும். அங்கே நின்றுகொண்டு தாள் தேடினால் வேலைக்கு ஆகாது. தலைப்பும் விதி எண்ணும் போட்டு, பூத் எண்ணுக்கும் காரணத்துக்கும் இடம் விட்டு நான்கு தாள் முன்பே டைப் அடித்து ஏஜென்ட் சட்டைப்பையில் இருக்கட்டும். அன்றைக்குக் கேட்காதவர் பிறகு கோர்ட்டில் மறு எண்ணிக்கை கேட்டால், சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்கள்.

இரண்டாவது அல்லது மூன்றாவது இடம் வந்த வேட்பாளருக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் திறந்தது. முடிவு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோகன்ட்ரோலரை (புரோகிராம் பதிந்த சிப்) தயாரிப்பு நிறுவனப் பொறியாளர்கள் பரிசோதிக்க வேண்டும். செலவு கேட்பவருடையது; முறைகேடு தெரிந்தால் பணம் திரும்ப வரும். அந்தத் தேர்தலில் ஒரு செட்டுக்கு ஜி.எஸ்.டி. சேர்த்து 47,200 ரூபாய் கேட்டார்கள். தமிழ்நாட்டில் விருதுநகர், வேலூர் தொகுதிகளிலிருந்து மனுக்கள் போயின. இது தேர்தல் மனுவுக்கு மாற்று ஆகாது. இதற்காகக் காத்திருந்து 45 நாளைக் கோட்டை விடாதீர்கள்.

இப்போது மனுவுக்கு வருவோம். வேட்பாளர் போடலாம், அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் போடலாம், ஓட்டுப் போடாதவர் உட்பட. என்ன காரணம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எதை நிரூபிக்க வேண்டும் என்பது மாறும். இங்கேதான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். ஓட்டுகளைத் தவறாக ஏற்றார்கள், தவறாகத் தள்ளினார்கள், விதிகளை மீறினார்கள் என்றால், அதனால் முடிவு மாறியிருக்கும் என்றும் நிரூபிக்க வேண்டும். தொகுதி முழுக்க 100 கள்ள ஓட்டைக் கையும் களவுமாகப் பிடித்தாலும், வெற்றி வித்தியாசம் 3 லட்சம் என்றால் அந்த வழக்கு அங்கேயே முடிந்தது. வென்றவரே, அல்லது அவருடைய தேர்தல் ஏஜென்ட், அல்லது அவர்கள் சம்மதத்தோடு வேறொருவர் லஞ்சம் கொடுத்தார், மதத்தையோ சாதியையோ சொல்லி ஓட்டுக் கேட்டார், 95 லட்சம் ரூபாய் வரம்பைத் தாண்டிச் செலவழித்தார் என்றால் வித்தியாசம் எவ்வளவு என்பது பொருட்டில்லை. ஆனால் சட்டம் ‘ஊழல் நடவடிக்கை’ என்று சொல்லும் இவற்றைக் குற்ற வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கச் சொல்வார்கள். தெருவில் யாரோ 500 ரூபாய் கொடுத்தார் என்பது போதாது. கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தேதி, நேரம், இடம், அவருக்கும் வேட்பாளருக்கும் இடையிலான சம்மதச் சங்கிலி எல்லாம் மனுவிலேயே இருக்க வேண்டும்.

சொத்து விவரத்தை மறைத்தார் என்பது மூன்றாவது வகை. தேனியில் 2019ல் வென்ற ஓ.பி. ரவீந்திரநாத்தின் வெற்றி வித்தியாசம் 76 ஆயிரத்துக்கும் மேல். ஒரு வாக்காளர் போட்ட மனுவில் சென்னை ஹைகோர்ட் 2023 ஜூலை 6 அன்று அந்தத் தேர்தல் செல்லாது என்றது. அடுத்த மாதம் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை கொடுத்தது. அதே 2019 தேர்தலில் தூத்துக்குடியில் கனிமொழி வென்றதை எதிர்த்தும் ஒரு வாக்காளர்தான் மனுப் போட்டார், கணவரின் பான் எண்ணைச் சொல்லவில்லை என்று. அதில் தேவையான அடிப்படை உண்மைகளே இல்லை என்று 2023 மே 4 அன்று சுப்ரீம் கோர்ட், சாட்சி விசாரணைக்குக்கூடப் போகாமல் மனுவைத் தள்ளிவிட்டது. 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச வழக்கு ஒன்றில், வேட்பாளர் தன் ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட வேண்டியதில்லை, பெரிய விஷயத்தை மறைத்தால்தான் குற்றம் என்றும் சொன்னது. ஆகவே வண்டி ஒன்றை விட்டுவிட்டார் என்பதை நம்பி வழக்குக்குப் போகாதீர்கள்.

அடிப்படை உண்மை என்றால் என்ன? “பல பூத்துகளில் முறைகேடு நடந்தது” என்பது உண்மை அல்ல, குற்றச்சாட்டு. “இன்ன எண் பூத்தில், இன்ன எண் கன்ட்ரோல் யூனிட்டில் 17சி 612 காட்ட, எண்ணிக்கை 649 காட்டியது, 9-வது ரவுண்டில் எழுத்தில் ஆட்சேபித்தோம், நகல் இணைப்பு” என்பதுதான் உண்மை. விவரங்களில் ஒன்றிரண்டு குறைந்தால் பின்னால் சேர்க்க கோர்ட் அனுமதிக்கலாம். அடிப்படை உண்மையையோ புதிதாக ஓர் ஊழல் நடவடிக்கையையோ 45 நாளுக்குப் பிறகு சேர்க்கவே முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கலாம் என்ற நோக்கத்தில் ஓட்டுப் பெட்டியைத் திறக்கவும் கோர்ட் விடாது. மறு எண்ணிக்கை உத்தரவு வர மனுவிலேயே காரணம் நிற்க வேண்டும்.

ராதாபுரம் சட்டமன்ற வழக்கைப் பாருங்கள். 2016ல் இன்பதுரை அப்பாவுவைவிட 49 ஓட்டு அதிகம் பெற்றார். தள்ளப்பட்ட தபால் ஓட்டு 203, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்ற கேள்வி, கூடவே 19, 20, 21-வது ரவுண்டுகள் என்று புகார் ஊசி முனை மாதிரி துல்லியமாக இருந்தது. அதனால்தான் 2019 அக்டோபரில் ஹைகோர்ட் வளாகத்திலேயே மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை விதித்து, அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை அது வெளிவரவே இல்லை.

தாக்கலில் நடக்கும் தவறுகளைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல வழக்குகள் இங்கேதான் செத்துப்போகின்றன. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 81, 82, 117 ஆகிய மூன்றில் ஒன்றில் தவறினாலும் கோர்ட் மனுவைத் தள்ளுபடி செய்தே ஆக வேண்டும். 117 என்பது 2,000 ரூபாய் காப்புத் தொகை. சின்னத் தொகைதான்; மனுவோடு ஹைகோர்ட்டில் கட்டி ரசீதை இணைக்காவிட்டால் அவ்வளவுதான். 82 யாரைச் சேர்ப்பது என்பது. தேர்தல் செல்லாது என்று மட்டும் கேட்டால் வென்றவரைச் சேர்த்தால் போதும். தோற்ற எங்கள் ஆளே வென்றதாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டால் போட்டியிட்ட அனைவரையும் சேர்க்க வேண்டும். எந்த வேட்பாளர் மேல் ஊழல் புகார் சொன்னாலும், அவர் வேட்புமனுவை வாபஸ் வாங்கியவராக இருந்தாலும் அவரையும் சேர்க்க வேண்டும். தேர்தல் ஆணையத்தையோ தேர்தல் நடத்தும் அலுவலரையோ சேர்க்கக் கூடாது.

81-ல் நகல்கள். எத்தனை எதிர்மனுதாரரோ அத்தனை நகல், ஒவ்வொன்றிலும் ‘உண்மை நகல்’ என்று மனுதாரரே கையெழுத்துப் போட வேண்டும். 35 பேர் போட்டியிட்ட தொகுதியில் வேட்பாளர் ஒருவரே மற்ற அனைவரையும் சேர்த்துப் போடும் 200 பக்க மனு என்றால் 34 நகலுக்கு 6,800 பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவது பாதுகாப்பு. அதற்கே முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். தம்பு செட்டித் தெரு ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் மங்கினாலும் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். இணைப்புகளிலும் கையெழுத்தும் உறுதிமொழியும் வேண்டும். ஊழல் புகார் இருந்தால் படிவம் 25-ல் பிரமாணப் பத்திரம் தனியாக வேண்டும். தாக்கல் அன்று மனுதாரர் நேரில் வர வேண்டும். வக்கீல் மட்டும் போய்க் கொடுத்த மனு செல்லாது என்று 2009ல் தீர்ப்பு இருக்கிறது.

2019ல் மே 23 முடிவுக்கு 45-வது நாள் ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. கோர்ட் மூடியிருந்தால் மறுநாள் ஏற்பார்கள். ஆனால் விடுமுறையிலும் பதிவகம் திறந்திருந்தது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் உங்கள் மனு காலாவதி. 40-வது நாளுக்குள் போட்டுவிடுங்கள். எண்ணிக்கை நள்ளிரவைத் தாண்டினால், முடிவு அறிவித்த படிவத்தில் உள்ள தேதியைப் பார்த்து எண்ணுங்கள்.

மனு போட்ட உடனே இயந்திரங்களையும் வீடியோ பதிவுகளையும் அழிக்காமல் வைக்க உத்தரவு கேளுங்கள். மனு இல்லாவிட்டால் பூத் வீடியோவை 45 நாளோடு அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. தேர்தல் விதிகளில் 2024 டிசம்பரில் செய்த திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பதிவுகளைப் பொதுமக்கள் கேட்டு வாங்கவும் முடியாது. உங்கள் பையன்கள் எடுத்த வீடியோவுக்கு, எடுத்த அதே போனை விற்காமல் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகல் உதவாது. கேரளத்தின் ஏறநாடு தேர்தல் வழக்கில் பேச்சும் பிரசாரப் பாட்டும் பதிந்த சி.டி.க்களைச் சான்றிதழ் இல்லை என்பதால் சுப்ரீம் கோர்ட் 2014ல் ஏற்கவில்லை. இப்போது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, ஹாஷ் எண்ணோடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்), நிபுணர் கையெழுத்தும் சேர்ந்த சான்றிதழ் வேண்டும்.

உங்கள் ஆளே வென்றதாக அறிவிக்கச் சொல்வதில் இன்னொரு ஆபத்து உண்டு. விசாரணை தொடங்கி 14 நாளுக்குள் வென்றவர் நோட்டீஸ் கொடுத்து, உங்கள் ஆளின் செலவுக் கணக்கையும் பிரசாரத்தையும் அதே வழக்கில் இழுத்துவிடலாம். கணக்கு சுத்தமாக இல்லாதவர் அந்தப் பரிகாரத்தைக் கேட்காமல் இருப்பது நல்லது.

ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தேனி வழக்கு ஹைகோர்ட்டிலேயே நான்கு வருடம் போனது. தீர்ப்பு வரும்வரை, அப்பீலில் தடை கிடைத்தால் அதற்குப் பிறகும், வென்றவர் எம்.பி.யாகவே இருப்பார், சம்பளமும் தொகுதி நிதியும் அவரிடமே இருக்கும். இடையில் மனுவை வாபஸ் வாங்க நினைத்தாலும் கோர்ட் அனுமதி வேண்டும். பணம் பேசி முடித்துக்கொண்டார்கள் என்று தெரிந்தால் அனுமதி கிடைக்காது, வேறொருவர் மனுதாரராக உள்ளே வந்து வழக்கைத் தொடரலாம். இதையெல்லாம் உங்கள் வேட்பாளரிடம் வேட்புமனு தாக்கலுக்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அம்மாவிடம், அடுத்த முறை டெண்டர் ஓட்டு கேட்டு வாங்காமல் பூத்தை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லுங்கள்.